மாடிப் போர்ஷனில் பாசி வாடை

வீட்டுக்கார மாமி எங்கள் சமையலறையை மோந்து பார்ப்பதற்காக மாடியேறி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் அம்மா இருந்தாள், நான் இருந்தேன், தங்கை உள்ளறையில் புத்தகத்தோடு இருந்தாள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கோடம்பாக்கத்திலிருந்து வந்திருந்தார். அப்பா இல்லை. விடியும் முன்பே ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் இருந்திருந்தால் பேச்சு படிக்கட்டிலேயே முடிந்திருக்கும், வீடும் அன்றைக்கே கையைவிட்டுப் போயிருக்கும். வீட்டுக்காரரும் மேலே வரவில்லை. கீழே கேட்டைப் பிடித்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பவேயில்லை.

மீனும் இருந்தது. ஆனால் மாமி தேடி வந்த இடத்தில் இல்லை.

அந்த வீடு எங்களுக்கு எதற்கு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அடையாற்றங்கரையில் நாங்கள் இருந்த வீட்டை இடித்தபோது ஊருக்கு வெளியே ஓர் அடுக்குமாடியில் இடம் ஒதுக்கினார்கள். அங்கிருந்து மயிலாப்பூரில் இருக்கும் தங்கையின் பள்ளிக்கூடத்துக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் பாதி நாட்கள் அவளுக்கு முதல் பீரியட் என்ற ஒன்றே கிடையாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவள் இரண்டாவதாக வர வேண்டும், அதுவும் என்னைவிட நல்ல மார்க்கோடு வர வேண்டும் என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் கணக்கு. எனக்குத் தி.நகரில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை கிடைத்ததும், மந்தைவெளிக்கும் ராஜா அண்ணாமலைபுரத்துக்கும் நடுவில் இந்த மாடிப் போர்ஷனைப் பிடித்தோம். பிளஸ் டூ தேர்வு மார்ச்சில். அதுவரைக்கும் அந்த வீடு இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

புரோக்கர் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார். "தங்கமான மன்சங்க. கவுச்சி மட்டும் கூடாது. முட்டைகூட வாணாம்."

அம்மா தலையாட்டினாள். ஆட்டியதை அப்படியே காப்பாற்றவும் செய்தாள். நெத்திலி இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. மாதத்தில் ஒருநாள் மாமா வீட்டுக்குப் போய் ஆக்கிச் சாப்பிடுவாள். அங்கே அதற்கென்று ஒரு பழைய புடவை வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு, தலைக்குக் குளித்து, உடுத்திப்போன புடவையைத் திரும்பக் கட்டிக்கொண்டு, வாயில் ஏலக்காயைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாள். அப்பா கடலோரத்து ஊரூர் ஒல்காட் குப்பத்தில் சவாரி இறக்கிவிட்டால் அங்கேயே வறுவல் வாங்கித் தின்றுவிட்டு, வண்டிக்குள் வெற்றிலை போட்டுக்கொண்டு வருவார். நாங்கள் திருடர்கள் மாதிரி மீன் தின்ற குடும்பம். இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. மீனை நினைத்து அல்ல, அந்த ஏலக்காயை நினைத்து.

இனி தொட்டி. அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்தவர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போகும்போது தன் இரண்டடிக் கண்ணாடித் தொட்டியை என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். அடியில் மணல், அதில் நாடா போல நீண்ட இலையுள்ள செடிகள், ஒரு கட்டையில் கட்டிய பெரணி, ஏழெட்டு கப்பி மீன்கள், காற்றுக்கு ஒரு சின்ன மோட்டார். எனக்கு ஆசை. நாங்கள் வளர்ந்த வீட்டு வாசலில் ஓடிய தண்ணீரில் கை வைத்தால் கை தெரியாது. என் வீட்டில் ஒரு மூலையிலாவது அடிவரை தெரிகிற தண்ணீர் இருக்கட்டும் என்று நினைத்தேன். கிழக்கு ஜன்னல் பக்கம், சாமி படங்கள் மாட்டிய பலகைக்குக் கீழே ஒரு மேஜை போட்டு வைத்தேன்.

கிழக்கு ஜன்னலை நான்தான் தேர்ந்தெடுத்தேன். செடிக்கு வெளிச்சம் வேண்டும், வெளிச்சம் இருந்தால் ஒளிச்சேர்க்கை நடக்கும், அதிக வெளிச்சம் என்றால் அதிக வளர்ச்சி. இதை நான் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்து முழு மார்க் வாங்கியிருக்கிறேன்.

மாமா வந்து பார்த்தார். அவர் சினிமாவில் லைட்மேன். இருட்டில் ஒரு முகத்தை எடுத்துக் காட்டுவது எப்படி என்று அவருக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று சொல்வார்.

"இன்னா மாப்ள இது, எழவு வூடு மாதிரி மங்கலா கீது. மீனுக்கு மூஞ்சியே தெரில."

"காலைல வெயில் வரும் மாமா."

"வெயிலு வந்து போய்க்கினு இருக்கும். அத நம்பி ஷாட் வெக்க முடியுமா? நா ஒண்ணு தரேன் பாரு."

அடுத்த வாரம், யூனிட்டில் ஓரங்கட்டிய ஓர் எல்ஈடி பேனலைப் பைக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். சோற்றுத்தட்டைவிடப் பெரியது. தொட்டிக்கு மேல் கொஞ்சமும், பக்கவாட்டில் கொஞ்சமும் விழுகிற மாதிரி அலமாரியில் சாய்த்துக் கட்டினார். போட்டதும் ஹால் முழுக்கப் பளீரென்று ஆனது. மணல் துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கப்பிகள் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டன. மாமா இரண்டு கையையும் சட்டம் போலக் கூட்டி அதன் வழியாகப் பார்த்தார்.

"இப்ப பாரு. ஹீரோயின் எண்ட்ரி மாதிரி கீது."

அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. அவளைப் பொறுத்தவரை சாமி படத்துக்குக் கீழே எரிகிற வெளிச்சம் எதுவாக இருந்தாலும் அது விளக்கு. விளக்கு வைக்கிற நேரத்தில் அதை அணைக்கக் கூடாது. நான் அலுவலகத்திலிருந்து வந்து அணைக்கப் போனால், "கைய வெக்காத. மகாலச்சுமி வர நேரம்" என்பாள். படுக்கப் போகும்போதும் அணைக்க மாட்டாள், விளக்கைத் தன் கையால் அணைப்பது அவளுக்குப் பிடிக்காது. வெள்ளிக்கிழமைகளில் பூஜை முடித்து இரண்டு பருக்கைச் சோற்றைத் தொட்டியிலும் போடுவாள். அதுகளும் வாயில்லா ஜீவன்தானே என்பாள்.

ஆக, காலையில் என் சூரியன், பகலெல்லாம் மாமாவின் சினிமா, இரவெல்லாம் அம்மாவின் மகாலட்சுமி. அந்தச் சின்னத் தண்ணீருக்கு இருட்டு என்பதே கிடைக்கவில்லை.

முதலில் கண்ணாடியில் காப்பித்தூள் தூவின மாதிரி ஒரு படலம் வந்தது. விரலால் தேய்த்தால் போனது. அப்புறம் பச்சைப் புள்ளிகள், அவை தேய்த்தாலும் போகவில்லை. அதற்கப்புறம் பெரணி இலைகளின் விளிம்பில் முடி முளைத்தது. பச்சை முடி. குளியலறைச் சல்லடையில் சிக்கிக்கொள்ளும் தலைமுடிக் கொத்து இருக்கிறதே, அதே மாதிரி, அதே வழுவழுப்போடு. பிடித்து இழுத்தால் இலையும் சேர்ந்து வந்தது.

இதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம். கடைசியில் வந்ததுதான் நாற்றம். மணல்மேல் ஒரு கரும்பச்சைத் தோல் படர ஆரம்பித்தது. காய்ச்சின பால் ஆறினால் மேலே ஆடை கட்டும் இல்லையா, அதைப் பச்சையாக, மொத்தமாக, உயிரோடு நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே குமிழிகள் கோர்த்துக்கொண்டு அங்கங்கே கொப்புளம் மாதிரி உப்பியிருக்கும். ஒரு ஓரத்தைத் தூக்கினால் போர்வை போல முழுதாக எழுந்து வரும், அடுத்த நாளே திரும்பப் படர்ந்திருக்கும். கீழே அம்மாவின் வெள்ளிக்கிழமைப் பருக்கைகள், பஞ்சு பூத்து.

கையை விட்டு அதை வழித்து எடுத்த அன்று என் விரல்களை மோந்து பார்த்தேன். எனக்கு அந்த வாடை தெரியும். ஆற்றங்கரையில், தண்ணீர் வற்றிச் சேறு வெடிக்கும் மாதங்களில், எங்கள் பாயில், சட்டையில், சோற்றில் எல்லாம் இருந்த அதே வாடை. பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன் தள்ளி உட்கார்ந்தானே, அந்த வாடை. அதை விட்டுத்தான் வந்தோம் என்று நினைத்திருந்தேன். நானே இரண்டடிப் பெட்டியில் வைத்து, மேலே லைட்டும் போட்டு வளர்த்துக்கொண்டிருந்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் அலுவலகம் போனேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபோது விரல்களை மடக்கிக்கொண்டேன்.

தி.நகரில் ஒரு மீன் கடையில் கேட்டேன். கடைக்காரர் நீலத் தண்ணீர் அடைத்த ஒரு புட்டியைக் கொடுத்தார். "ஊத்துங்க, பாசி ஓடிப்பூடும்." ஊற்றினேன். பாசி எங்கேயும் ஓடவில்லை. நாடா இலைகள்தான் வெந்த கீரை மாதிரி குழைந்து கிடந்தன. அவை அழுகியதில் நாற்றம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

அப்போதுதான் மாமி ஆரம்பித்தார். முதலில் தங்கையிடம். மாமிக்குத் தங்கைமேல் பிரியம்தான், அதை மறைக்கக் கூடாது. பரீட்சைக்குப் படிக்கிற குழந்தை என்று கீழே கூப்பிட்டு காப்பி கொடுப்பார், வைஃபை பாஸ்வேர்டையும் கொடுத்திருந்தார். ஒருநாள் காப்பியைக் கொடுத்துக்கொண்டே, "ஏண்டி குழந்தே, உங்காத்துல இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டாராம். இவள் சொன்னாள். மறுநாளும் கேட்டார். மூன்றாம் தடவை கேட்டபோது இவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் இவள் காப்பிக்குப் போகவில்லை.

பிறகு படிக்கட்டில் அம்மாவை நிறுத்தினார். "ஏம்மா, பூஜை ரூம் ஜன்னல் வழியா நாத்தம் குடலைப் பிடுங்கறது. நீ ஏதாவது… வந்து… பண்றியா?"

"சத்தியமா இல்ல மாமி. நாங்க அதெல்லாம் ஆக்கறதேயில்ல."

"இல்லேன்னா சரி. சொல்லிட்டுத்தானே விட்டோம்."

அம்மா ஊதுவத்தியைக் கட்டுக்கட்டாகக் கொளுத்தினாள். ஊதுவத்தி வாசனையும் பாசி வாடையும் சேர்ந்து, செத்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி ஆனது. மாமிக்கு அது இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. மறைக்க ஒன்றுமில்லாதவர்கள் எதற்கு இவ்வளவு ஊதுவத்தி ஏற்றுகிறார்கள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை, சாம்பார் கொதித்து இறக்கும் நேரமாகப் பார்த்து அவர் மேலே வந்தார்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நேராகச் சமையலறை வாசற்படிக்குப் போய், முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார். "தப்பா நினைச்சுக்காதீங்கோ" என்று என்னிடம் சொன்னார். எனக்கு எப்போதும் 'நீங்கோ'தான், படித்தவன் என்பதால். என்னைப் பெற்றவளுக்கு 'நீ'.

"அதைக் கொஞ்சம் திற."

அம்மா சாம்பார் சட்டியின் மூடியைத் திறந்தாள். மாமி குனிந்து, முந்தானையை விலக்கி, மோந்தார்.

"அது?"

"கத்திரிக்கா மாமி."

கத்திரிக்காயையும் மோந்தார். ரசத்தை. பால் பாத்திரத்தை. ஃப்ரிட்ஜைத் திறக்கச் சொல்லி காய்கறித் தட்டைக்கூட வெளியே இழுக்கச் சொன்னார். அவர் கை ஒரு பொருளிலும் படவில்லை, எல்லாவற்றையும் அம்மா திறந்து திறந்து காட்டினாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, ஏதோ அதிகாரி வந்திருக்கிற மாதிரி, "அந்த டப்பாவும் காட்டும்மா" என்றுகூடச் சொன்னேன்.

அலமாரியில் ஒரு கண்ணாடி பாட்டில் இருந்தது. அதைப் பார்த்ததும் மாமியின் கண் நின்றது.

"அது என்னது? கருவாடா?"

அம்மா பாட்டிலை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். "மோர் மொளகா மாமி. நீங்க குடுத்ததுதான்."

ஹாலிலிருந்து மாமா சிரித்துவிட்டார். மாமி அந்தப் பக்கம் திரும்பி, "இவர் யாரு? இங்கேயேவா தங்கியிருக்கார்?" என்று என்னைக் கேட்டார்.

"எங்க மாமா. பாக்க வந்திருக்கார்."

"ஓ."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. "மாமி, வாடை சமையல்கட்டுலேர்ந்து இல்ல. இங்க வாங்க" என்று தொட்டிப் பக்கம் கூட்டிப்போய் மேல்கண்ணாடியை எடுத்தேன். குப்பென்று வந்தது. பேனல் வெளிச்சத்தில் அந்தப் பச்சைத் தோல் ஈரமாக மினுமினுத்தது. மாமி இரண்டடி பின்னால் போனார்.

"இது என்ன கர்மம்?"

"பாசி மாமி. இதுதான் நாத்தம். நாங்க எதுவும் சமைக்கல."

"மீன் தொட்டிதானே?"

"ஆமா, ஆனா மீன் நாத்தம் இல்ல, பாசி…"

"மீன் தொட்டி நாறறது. அப்போ மீன் நாத்தம்தானே?"

மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. "மீனு இன்னா மாமி பண்ணும்? அதுவே மூக்கப் பொத்திக்கினு கீது."

மாமி என்னிடம் மட்டும் பேசினார். "பொங்கலுக்கு எங்க பொண்ணும் மாப்பிள்ளையும் வரா. அதுக்குள்ள இது போகணும். இல்லேன்னா நீங்க வேற இடம் பாத்துக்கறதுதான் நல்லது. குழந்தைக்குப் பரீட்சை இருக்குன்னு எனக்கும் தெரியும். அதனாலதான் இவ்வளவு நாள் வாயைத் திறக்கலை. நீங்க படிச்சவா, புரிஞ்சுப்பேள்."

"சரி மாமி. சாரி மாமி" என்றேன்.

அவர் இறங்கிப் போனதும் அம்மா சாம்பார் சட்டியைத் தூக்கிப் பாத்திரம் கழுவும் இடத்தில் கவிழ்த்தாள். கத்திரிக்காயை, ரசத்தை, பாலை எல்லாம். மோந்த பூவைச் சாமிக்கு வைக்காத வீடு எங்களுடையது.

"இன்னாக்கா, அத்தினியும் கொட்டிட்ட?" என்றார் மாமா.

"ஊராங்க மோந்து பாத்தத எம் புள்ளைங்களுக்குப் போடமாட்டேன்."

அன்றைக்குத் தயிர்கூட இல்லாமல் கடை இட்லிதான் சாப்பிட்டோம். உள்ளறையிலிருந்து தங்கை வரவேயில்லை. அவள் தட்டை உள்ளேயே கொண்டுபோய் வைத்தேன். "அண்ணா, மார்ச் வரைக்கும் எப்படியாவது சமாளி" என்றாள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். காலையிலிருந்து அவள் ஒரு பக்கம்கூடத் திருப்பியிருக்கவில்லை. அதே பக்கம்தான்.

தொட்டியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. எறிந்தால் மாமி சொன்னது உண்மை என்று ஆகிவிடும், நாற்றம் எங்களுடையது என்று ஆகிவிடும் என்றும் தோன்றியது. இதே தொல்லையில் மாட்டியவர்கள் இணையத்தில் எழுதியதையெல்லாம் மதிய உணவு இடைவேளைகளில் படித்தேன். பாதிப் பேர் செடிக்குக் கரியமிலவாயு சிலிண்டர் வாங்கு, வெளிநாட்டு விளக்கு வாங்கு என்றார்கள். அதெல்லாம் நம் கைக்கு எட்டாது. மீதிப் பேர் சொன்னது ஒன்றே ஒன்று: வெளிச்சத்தைக் குறை. பாசிக்கு மிச்ச வெளிச்சமும் மிச்சச் சோறும்தான் சாப்பாடு. செடிக்குத் தேவையானது போக மீதியை நீ கொடுத்தால், அதை வாங்கிக்கொள்ள அது வரும். அந்தப் பச்சைத் தோல் பாசியே இல்லையாம், பாசி மாதிரி வேஷம் போடும் ஒரு கிருமியாம். அதற்கு முழு இருட்டுதான் மருந்து.

மாமாவிடம் சொன்னேன்.

"வெளிச்சம்னா இன்னான்னு எனக்கே சொல்லிக் குடுக்கறியா?"

"உங்க வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இது நடிக்கல. வாழுது."

அவர் பேனலை அவிழ்த்துக்கொண்டே முனகினார். ஆனால் மறுநாள் யூனிட்டிலிருந்து ஒரு கறுப்புத் துணியைக் கொண்டுவந்தார், பகலில் எடுக்கும் இரவுக் காட்சிக்கு ஜன்னலை அடைக்கும் கனத்த துணி. தோலை முடிந்தமட்டும் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, பாதித் தண்ணீரை மாற்றி, தொட்டியை மேஜையோடு ஜன்னலை விட்டு உள்சுவருக்கு நகர்த்தி, துணியால் இண்டு இடுக்கு விடாமல் சுற்றினோம். இருட்டில் மீனுக்கு மூச்சு முட்டக் கூடாது என்று காற்று மோட்டாரை மட்டும் ஓடவிட்டேன்.

அம்மா வந்து பார்த்தாள். "மார்கழி மாசத்துல வூட்டு நடுவுல கருப்புத் துணிய போத்தி வெச்சிக்கினு கீறீங்களே. யாராச்சும் பாத்தா இன்னா நெனப்பாங்க?" என்று சொல்லிவிட்டு, தன் பழைய மஞ்சள் புடவை ஒன்றை எடுத்து அந்தக் கறுப்பின்மேல் போர்த்தினாள். மூன்று நாள் எங்கள் ஹாலில் மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெட்டி முணுமுணுவென்று குமிழி விட்டுக்கொண்டு நின்றது.

துணியை எடுத்தபோது தோல் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. அதை உறிஞ்சி வாளியில் விட்டு மாடிப் படியிறங்கித் தெருச் சாக்கடையில் கொட்டும்வரை நான் மூச்சே விடவில்லை. இரண்டு கப்பிகளைக் காணோம், மற்றவை இருந்தன. செடிகள் வெளுத்திருந்தன, ஆனால் நின்றன.

அதன்பிறகு செய்ததெல்லாம் சொல்லிக்கொள்ளும்படியான காரியங்களே அல்ல. வீடுகளில் மாட்டுகிற சாதாரண ஒன்பது வாட் வெள்ளை எல்ஈடி பல்பு, அதைத் தொட்டிக்கு ஒரு சாண் மேலே பிடித்து நிறுத்த ஒரு கிளிப் ஹோல்டர், தானாக அணைந்து எரிய ஒரு டைமர் பிளக். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் கிடையாது. டைமரை மதியம் மூன்றிலிருந்து ஒன்பதுக்கு வைத்தேன். விளக்கு வைக்கும் நேரம் அதற்குள் வந்துவிடுவதால் அம்மாவுக்கு ஆட்சேபம் இல்லை, அதுவாகவே அணைவதால் அணைத்த பாவமும் அவளுக்கு இல்லை. பருக்கைகள் காக்காய்க்குப் போயின. அலுவலக வாசலில் செடி விற்பவரிடம் கொஞ்சம் ஆகாயத்தாமரை வாங்கி மிதக்கவிட்டேன். அது மேலே நிழலும் தந்தது, பாசி தின்பதையும் பிடுங்கித் தின்றது. வாராவாரம், தொட்டித் தண்ணீரில் கால்வாசியை எடுத்துவிட்டு, முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றினேன்.

பொங்கலுக்கு முன்பே தண்ணீர் அடிவரை தெரிந்தது. நாடாச் செடி புது இலை விட்டிருந்தது. காலையில் எழுந்ததும் மேல்கண்ணாடியைத் தூக்கி மோந்து பார்ப்பேன். மழை நின்ற மண் வாசனை மட்டும்தான் வரும். ஆனால் மோந்து பார்க்கும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. சோற்றை மோந்தேன், சட்டையை மோந்தேன், தங்கையின் பைக்குள்கூட ஒருநாள் மூக்கை நுழைத்தேன். அவள் பையை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

பொங்கலன்று மாமி ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலோடு மேலே வந்தார். தொட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"நன்னா இருக்கே. நாள் பூரா பாத்துண்டே இருக்கலாம் போல இருக்கு."

"நாத்தம் போயிடுச்சு மாமி" என்றேன். பரீட்சை ரிசல்ட் சொல்பவன் மாதிரி நின்றேன்.

அவர் தலையைத் திருப்பி, சமையலறைப் பக்கம் பார்த்து, மூக்கை லேசாகச் சுருக்கினார்.

"இதுல இல்லை. ஆனா இன்னும் அடிக்கறது."

நானும் மோந்தேன். அவர் கையிலிருந்த பொங்கலின் நெய், அம்மா கொளுத்திய சூடம். வேறு எதுவும் இல்லை. சத்தியமாக இல்லை.

"எங்க மாமி?"

"எங்கேன்னு சொல்றது? சுவத்துல ஏறிடுத்து போல இருக்கு. இதெல்லாம் லேசுல போகாது." குரலில் கோபம் துளியும் இல்லை, காய்ச்சலில் கிடப்பவனிடம் பேசுவது போல இருந்தது. "ஒண்ணு பண்ணலாம். சமையல்கட்டைச் சுரண்டி, பட்டி பாத்து, புதுசா பெயிண்ட் அடிச்சுடலாம். ஆளை நாங்களே வரச்சொல்றோம். செலவை நீங்க பாத்துண்டா போறும். அப்புறம் குழந்தை பரீட்சை முடியறவரைக்கும் ஒரு பேச்சும் கிடையாது."

கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அதை வாங்கித் தங்கைக்குக் கொடுத்தாள். தங்கை ஒரு வாய் தின்றுவிட்டு மூடி வைத்தாள்.

மாமி சமையலறையை மோந்ததிலிருந்து நாங்கள் மறைத்து வைத்திருந்ததெல்லாம் அப்பாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மத்தியானம் சாப்பிட வந்தவர் கையைக்கூடக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொவுரு நாறுதுன்னு அந்தம்மா சொன்னப்போ நீ இன்னா நைனா சொன்ன?"

"சரின்னேன்."

"இங்கிலீஷ்ல சொன்னியா, தமிழ்ல சொன்னியா?"

அவர் கை கழுவ ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினேன்.

"ஆத்தங்கரைல நாறுதுன்னு சொல்லி இடிச்சாங்க. அது நாறுச்சு, ஒத்துக்கறேன். இங்க இன்னா நாறுது? வா, போலாம். இன்னிக்கே காலி பண்லாம்."

"ரெண்டு மாசம்ப்பா" என்று உள்ளறையிலிருந்து தங்கையின் குரல் வந்தது. "ரெண்டே மாசம்."

அப்பா அந்தக் கதவைப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

மாமி அனுப்பிய பெயிண்டர் அடுத்த திங்கட்கிழமை வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். "நல்லாத்தானம்மா கீது சொவுரு. எதுக்கு சொரண்டச் சொல்றாங்க?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா அலமாரியிலிருந்த டப்பாக்களை இறக்கி வைத்தாள். அவர் சுரண்டினார், பட்டி பார்த்தார். மத்தியானம் எங்கள் சமையலறைத் தரையிலேயே பேப்பரை விரித்து உட்கார்ந்து தன் டிபன் கேரியரைத் திறந்தார். வஞ்சிரக் கருவாட்டுக் குழம்பு. அன்று நான் அரை நாள் லீவில் வீட்டில் இருந்தேன். மூடியை எடுத்ததும் அந்த மணம் சமையலறையிலிருந்து ஹாலுக்கு வந்து, ஜன்னல் வழியாகக் கீழேயும் இறங்கியது. நான் எழுந்தேன். அம்மா என்னைக் கண்ணாலேயே உட்கார வைத்தாள்.

"துன்னட்டும்" என்றாள். அவருக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு, வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள், அவர் கடைசிச் சோற்றை வழித்துத் தின்னும்வரை.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. மாமி மேலே வந்து, புதுச் சுவருக்கு நேராக நின்று, கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுத்தார்.

"இப்போ போயிடுத்து" என்றார். "பாத்தேளா, நான் சொன்னேனோல்லியோ?"

"ஆமா மாமி" என்றேன்.

தங்கை அந்த வீட்டிலிருந்துதான் நடந்து போய் எல்லாப் பரீட்சையும் எழுதினாள். கடைசிப் பரீட்சை முடிந்த வாரம் காலி செய்தோம். தொட்டி எங்களோடு வந்தது, தண்ணீர் இன்றைக்கும் அடிவரை தெரிகிறது. நாறிய தொட்டியைச் சரிசெய்ய பல்பு, கிளிப், டைமர், குழாய், ஆகாயத்தாமரை எல்லாம் சேர்த்து எழுநூற்று எண்பது ரூபாய். நாறாத சுவரைச் சரிசெய்யப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. ஆக மொத்தம் பதின்மூன்றாயிரத்து இருநூற்று எண்பது ரூபாய்.